மகள் எழுதிய விளையாட்டில் எனக்கு மூன்று வரிகள்

1

என் மனைவி விஜயாவின் மூன்றாவது திதி போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிராங்கூன் சாலையில் தீபாவளிக்குக் கட்டிய விளக்குத் தோரணங்களை இன்னும் அவிழ்க்கவில்லை. பகல் வெளிச்சத்தில் அவை வெறும் கம்பியும் பிளாஸ்டிக்குமாகத் தொங்கின. கோயிலில் எனக்கு முன்னால் நான்கு பேர் வரிசையில் இருந்தார்கள். குருக்கள் ஒவ்வொருவரிடமும் இறந்தவர் பெயர், உறவு, நட்சத்திரம் கேட்டு எழுதிக்கொண்டார். என் முறை வந்தபோது பிள்ளைகள் வரவில்லையா என்றார். ஒரே மகள், படிப்பு வேலை இருக்கிறது என்றேன். இந்த ஊரில் அது எல்லோருக்கும் போதுமான பதில். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மகள் யாழினிக்குப் பத்தொன்பது வயது. கிளமெண்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஊரில் என் அக்கா கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையில் அது வீடியோ விளையாட்டுகளுக்குக் கதை எழுதி உருவாக்குகிற படிப்பு. அம்மாவின் எந்தத் திதிக்கும் அவள் கோயிலுக்கு வந்ததில்லை. முதல் வருடம் கூப்பிட்டேன், மறுத்தாள். இரண்டாம் வருடம் கூப்பிட்டேன், அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வருடம் செருப்பை மாட்டியபடியே போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பஃபலோ ரோட்டில் வாழைப்பழமும் ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். லிட்டில் இந்தியாவிலிருந்து புக்கிட் பாஞ்சாங்குக்கு இப்போது ஒரே ரயில். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நான் ஊரிலிருந்து இங்கே வந்தபோது அந்தப் பாதையே கிடையாது. வீட்டுக்கு வந்தால் யாழினி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"அப்பா, உங்க தமிழ் கொஞ்சம் வேணும். முப்பது லைன்தான். ஸ்பெல்லிங் மட்டும் பாருங்க. ஸ்டோரியைப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க."

அவள் என்னிடம் ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தேன்.

2

வீடியோ விளையாட்டு என்றால் துப்பாக்கியும் கார் பந்தயமும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யாழினி செய்வது வேறு வகை. திரையில் கதை எழுத்தாக வரும். ஓரத்தில் ஒரு படம் இருக்கும். நாலைந்து வரி படித்ததும் கீழே இரண்டு மூன்று வாக்கியங்கள் தோன்றும். 'கதவைத் தட்டு', 'திரும்பிப் போ' என்கிற மாதிரி. நாம் எதை அழுத்துகிறோமோ அந்த வழியில் கதை போகும். ஒரே கதைக்கு ஏழெட்டு முடிவுகள்கூட இருக்கும். படிக்கிறவர்தான் கதாபாத்திரம். நல்லதோ கெட்டதோ, அவர் அழுத்தியதால் நடந்தது.

இது அவளுடைய கடைசி வருடத்து வேலை. எழுத்து இவளுடையது, படம் இவளுடைய தோழி மெய் லிங்குடையது. கதை ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆனால் வீட்டில் உள்ளவர்கள் பேசும்போது மட்டும் தமிழ் வருகிறது. அந்தத் தமிழ் வரிகளை மட்டும் ஓர் அட்டவணையில் போட்டு என் முன்னால் வைத்திருந்தாள். வரிசையும் இல்லை, யார் எப்போது பேசுகிறார்கள் என்ற குறிப்பும் இல்லை.

பத்து வருடம் பள்ளியில் தமிழ் படித்த பெண். ஆனாலும் வரிக்கு ஒரு பிழை இருந்தது. 'மருந்து' மறுந்தாகியிருந்தது. 'பள்ளி' பல்லியாகியிருந்தது. சிரித்துக்கொண்டே திருத்தினேன். அவளும் பக்கத்தில் நின்று, பல்லிக்கு யூனிஃபார்ம் போட்டு அனுப்பிட்டேனா என்று சிரித்தாள். அந்தப் பத்து நிமிடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு 'அப்பா' என்று பெயர் போட்ட வரிகள் வந்தன. மூன்றே மூன்று.

ஒண்ணுமில்லம்மா, நீ படி.

டாக்டர் நல்லாத்தான் சொல்றாங்க.

பரீட்சை முடியட்டும், பேசிக்கலாம்.

அந்த மூன்றில் மட்டும் ஒரு பிழையும் இல்லை. யாழினி இப்போது சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனாள். நான் பக்கத்தைக் கீழே தள்ளினேன். கடைசி வரி இது: 'சனிக்கிழமை காலையில் அம்மா இரந்தாள்.'

இடையின ர போட்டிருந்தாள். வல்லின ற வர வேண்டும். இறந்தாள் என்றால் செத்துப்போனாள். இரந்தாள் என்றால் கெஞ்சிக் கேட்டாள். ஒரே ஓர் எழுத்துதான். விரல் விசைமேல் இருந்தது, அழுத்த முடியவில்லை. விஜி கெஞ்சிக் கேட்டாள் என்பதும் உண்மை. அது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுத்தைத் திருத்திவிட்டு, முடிந்தது என்று குரல் கொடுத்தேன்.

3

நான் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் மின்சார மேற்பார்வையாளன். முதலில் செம்பவாங்கில், இப்போது துவாஸில். விஜி ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. யாழினிக்குப் பதினாறு வயதாகி நம் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரியான ஓ லெவல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், ஜூலை மாதத்தில் விஜிக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. அப்போதே பரவியிருந்தது.

யாழினியிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னவள் விஜிதான். நான் உடனே ஒப்புக்கொண்டேன். வயிற்றில் புண், சின்ன ஆபரேஷன், சரியாகிவிடும் என்று சொன்னோம். அவள் நம்பினாளா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவமனைக்கு வந்து அம்மாவின் கட்டில் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். விஜி அவள் பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னுவாள்.

அக்டோபர் கடைசியில் விஜி உருவமே மாறிப்போனாள். கண் மஞ்சளாகி, கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பார்த்தால் யாழினிக்குத் தெரிந்துவிடும். தேர்வு நடந்துகொண்டிருந்தது. தொற்று பயம் இருக்கிறது, பார்வையாளர்களை விடுவதில்லை என்று யாழினியிடம் சொன்னேன். அப்படி எந்த விதியும் அங்கே இல்லை. நானாகச் சொன்ன பொய் அது.

கடைசி வாரத்தில் ஒரு நாள் விஜி தெளிவாக இருந்தாள். தலையணையை உயர்த்தச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னங்க, யாழியைக் கூட்டிட்டு வாங்க. நானே சொல்லிடறேன்."

இன்னும் இரண்டு தேர்வுதான் இருக்கிறது, திங்கட்கிழமை முடிந்ததும் பள்ளியிலிருந்து நேராகக் கூட்டி வருகிறேன் என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் வலுவே இல்லை.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. அழ மாட்டேன். ஒரு தடவை பாத்துக்கிறேன், அவ்வளவுதான்."

ஐந்தே நாள் விஜி என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து மருந்தின் மயக்கத்தில் ஆளை அடையாளம் தெரியவில்லை. சனிக்கிழமை காலை போய்விட்டாள்.

மண்டாயில் தகனம் முடிந்தது ஞாயிற்றுக்கிழமை மாலை. திங்கட்கிழமை காலையில் யாழினி பள்ளிச் சீருடையில் வந்து நின்றாள். பரீட்சைக்குப் போக வேண்டாம் என்றேன். பள்ளியில் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்றேன்.

"நீங்கதானே படின்னு சொன்னீங்க" என்றாள். போய் எழுதிவிட்டு வந்தாள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள்.

4

ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் செய்தது விநோதமாகத் தோன்றாது. நம் வீடுகளில் பரீட்சைக்கு முன்னால் யாருமே சாவதில்லை.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தேன். அப்பா கோவில்பட்டியில் பஞ்சாலைத் தொழிலாளி. தேர்வு நடந்த மூன்று வாரமும் வீட்டிலிருந்து தகவல் இல்லை. முடித்துவிட்டுப் பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்கினேன். நிலையத்தில் சித்தப்பா நின்றார். மொட்டை அடித்திருந்தார். திருப்பதி போனீங்களா சித்தப்பா என்று கேட்டேன். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

வீட்டு முன்னறையில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பதினோராம் நாள் காரியம் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. கொள்ளி வைத்தது சித்தப்பா. அம்மா என்னைப் பார்த்ததும் பெரிதாக அழவில்லை. அழுது ஓய்ந்திருந்தாள். எல்லோரும் அழுது முடித்த வீட்டில் நான் ஒருவன் புதிதாக அழ ஆரம்பித்தேன். அக்கா தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். அவள்மேல் தவறில்லை. அவளுக்கு அது பதினேழாவது பதினெட்டாவது நாள்.

முதல் வகுப்பில் தேறினேன். நல்லவேளை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இவன் படிப்பு போயிருக்கும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நாளடைவில் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இந்த வேலை, இந்த ஊர், இந்த வீடு எல்லாமே அந்தத் தேர்வினால் வந்தது என்று விஜியிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். முன்னறையில் நின்ற அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விஜி என்னை அன்றைக்கு அப்படிச் செய்ய விட்டிருக்க மாட்டாள்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாழினியிடம் விளையாட்டை முழுதாகப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். யோசித்தாள். பிறகு கணினியை என் பக்கம் திருப்பினாள்.

விளையாட்டின் பெயர் 'பார்வையாளர் நேரம்'. விளையாடுகிறவர் மீரா என்ற பதினாறு வயதுப் பெண். அம்மா மருத்துவமனையில். மேசையில் புத்தகம் விரிந்து கிடக்கிறது. கீழே மூன்று வாக்கியங்கள்: அப்பாவிடம் கேள். அம்மாவுக்கு போன் செய். படி.

அப்பாவிடம் கேள் என்பதை அழுத்தினேன். ஒண்ணுமில்லம்மா, நீ படி என்று வந்தது. அம்மாவுக்கு போன் செய் என்றேன். அப்பாதான் எடுத்தார். டாக்டர் நல்லாத்தான் சொல்றாங்க என்றார். தனியாக பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போகிற வழி ஒன்று இருந்தது. அதிலும் போனேன். மின்தூக்கியருகே அப்பா நின்று திருப்பி அனுப்பினார். எந்த வழியில் போனாலும் எங்காவது ஒரு திருப்பத்தில் அந்த மூன்று வரிகளில் ஒன்று வந்து நின்றது. மீரா புத்தகத்துக்குத் திரும்பினாள். பிறகு சனிக்கிழமை வந்தது.

நான் ஐந்து முறை ஆடினேன். யாழினி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யார் எங்கே தயங்குகிறார்கள், எதை அழுத்துகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வது அவர்கள் தொழிலில் வழக்கமாம். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

பிறகு கதையின் உள்பக்கத்தைக் காட்டினாள். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் அம்புக்குறிகள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கதையின் ஒரு துண்டு. எனக்கு அது கப்பலின் மின்சுற்று வரைபடம் போல இருந்தது. முப்பது வருடம் அந்த மாதிரித் தாளைப் பார்த்துப் பழகிய கண் எங்கே இணைப்பு இல்லையோ அங்கே தானாகப் போய் நிற்கும். ஓரத்தில் ஒரு கட்டம் தனியாகக் கிடந்தது. அதற்குள் போகிற கோடும் இல்லை, வெளியே வருகிற கோடும் இல்லை. மேலே 'அப்பா சொல்லிட்டா' என்று தலைப்பு மட்டும்.

"இது எதோடயும் சேரலையே?"

"அது வேணாம்ப்பா. டெலிட் பண்ணணும்."

திறக்கச் சொன்னேன். உள்ளே காலியாக இருந்தது.

"ட்ரை பண்ணேன்" என்றாள். "அப்பா உண்மையைச் சொல்லிட்டா எப்படிச் சொல்வாருன்னு எனக்குத் தெரியலை. மத்தது எல்லாம் எனக்கு நல்லா தெரியும், டக்குன்னு எழுதிட்டேன். இது மட்டும் வரவே இல்ல."

நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"எழுதுங்க. பட் அந்த மூணு லைன் மாதிரி எழுதாதீங்க."

6

இரண்டு வாரம் ஆயிற்று. துவாஸில் மதிய உணவு நேரத்தில் தளத்தின் சாப்பாட்டுக் கடை மூலையில் உட்கார்ந்து எழுதுவேன். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் ஊருக்குக் கடிதமா அண்ணே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

முதலில் நீளமாக எழுதினேன். நோயின் பெயர், டாக்டர் சொன்னது, நாங்கள் ஏன் மறைத்தோம் என்பது. படித்துப் பார்த்தால் மேலதிகாரிக்கு எழுதிய விளக்கக் கடிதம் போல இருந்தது. கிழித்துப் போட்டேன். அடுத்து எழுதியதில் அப்பா அழுதார். அதையும் கிழித்தேன், நான் அழவில்லை. விஜி கேட்டதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். அது சரியாகத்தான் வந்தது, யாழினிக்கும் பிடித்திருக்கும். அந்தத் தாளை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அவளுக்குத் தெரிந்து இனி என்ன ஆகப்போகிறது, இருக்கிற ஒரே உறவும் போய்விடுமே என்று பயந்தேன். ஆனால் கொடுக்கப் போகும்போது தெரிந்தது, அதுவும் நான்காவதாக ஒரு பொய் வரிதான் என்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் புதிதாக எழுதிய தாளைக் கொடுத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'மீரா, அம்மா பிழைக்க மாட்டாள். எனக்கு ஜூலையிலிருந்தே தெரியும். அம்மா உன்னைப் பார்க்கணும்னு கேட்டா. ரெண்டு தடவை கேட்டா. உன்னை விடமாட்டாங்கன்னு நான் சொன்னது பொய். நான்தான் உன்னைக் கூட்டிட்டுப் போகலை.'

யாழினி மெதுவாகப் படித்தாள். தமிழ் படிக்கும்போது அவள் உதடு அசையும். ரெண்டு தடவை என்ற இடத்தில் உதடு நின்றது.

"இது ஸ்டோரிக்கா?"

"இல்லம்மா."

"அம்மா கேட்டாங்களா?"

"கேட்டா."

"ரூல்னு நீங்க சொன்னதை நான் நம்பலை. இவ்ளோ நாளா அம்மாதான் வேணாம்னு சொன்னாங்கன்னு நினைச்சிட்டிருக்கேன்ப்பா. அந்த மாதிரி ஆயிட்டதால என்னைப் பாக்க அவங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன்."

திதிக்கு அவள் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வருடமாக அந்தப் பெண் அம்மாவின்மேல் வருத்தமாக இருந்திருக்கிறாள். மகளைப் பார்க்க விஜி பட்ட ஆசைக்கு விஜிக்கே கிடைத்த பலன் அது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு உடை மாற்றப் போனாள். மெய் லிங் வீட்டில் தங்கி வேலையை முடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டு ஒரு பையோடு கிளம்பினாள்.

பதினொரு நாள் அங்கே இருந்தாள். சாப்பிட்டாயா என்று அனுப்பினால் ஓகே என்று பதில் வரும். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அதே ஓகே. அந்த நாட்களில் வீட்டுப் பத்திரத்திலிருந்து விஜியின் பெயரை எடுக்கிற வேலையைச் செய்தேன். மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தது அது. கவுண்டரில் இருந்த பெண் மிகவும் கனிவானவள். படிவத்தில் என் நிலை என்ற இடத்தில் பழக்கத்தில் 'திருமணமானவர்' என்று குறித்திருந்தேன். அவள் தாளை என் பக்கம் திருப்பி, அங்கிள், இது மாத்தணும்லா என்று மெல்லச் சொன்னாள். அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் யாழினி திரும்பி வந்தாள். துணிகளை இயந்திரத்தில் போட்டாள். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றாள். அந்தத் தாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்படியே மூன்று மாதம் போயிற்று.

7

மார்ச் மாதம் மாணவர்களின் விளையாட்டுகளைப் பொதுமக்கள் வந்து ஆடிப் பார்க்கிற கண்காட்சி நடந்தது. வரலாமா என்று செய்தி அனுப்பினேன். வாங்க என்று வந்தது. ஓகேயைவிட ஒரு சொல் அதிகமில்லை என்றாலும் அது தமிழில் இருந்தது.

பெரிய கூடம். வரிசையாகக் கணினிகள். மற்ற மேசைகளில் வெளிச்சமும் சத்தமுமாக இருந்தது. 'பார்வையாளர் நேரம்' மேசையில் மெய் லிங் வரைந்த மருத்துவமனைத் தாழ்வாரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நான் போனபோது ஒரு தமிழ்ப் பெண்மணி தன் மகளோடு அங்கே உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். சிறுமி சுட்டியைப் பிடித்திருந்தாள். ஆங்கிலத்தை அவளே படித்துக்கொண்டாள். தமிழ் வரும்போது அம்மா வாய்விட்டுப் படித்துக் காட்டினார். ஒண்ணுமில்லம்மா, நீ படி என்று அவர் படித்தபோது சிறுமி சிரித்துவிட்டு, நீங்க சொல்ற மாதிரியே இருக்கு என்றாள். அவரும் சிரித்தார். யாழினி கைகட்டி அவர்களுக்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சிறுமி பிடிவாதக்காரி. மறுபடி மறுபடி அப்பாவிடம் கேள் என்பதையே அழுத்தினாள். நான் ஆடியபோது இல்லாத ஒன்று நடந்தது. நான்காவது முறை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, என் வரிகள் வந்தன. ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

அந்த அம்மா படிக்க ஆரம்பித்தார். 'மீரா, அம்மா' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மீதியைக் கண்ணால் மட்டும் படித்தார்.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றாள் சிறுமி.

"ஒண்ணுமில்ல. நீ அடுத்ததை அமுக்கு."

நான் யாழினியைப் பார்த்தேன். அவள் குனிந்து அந்தச் சிறுமியின் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். என் வரிகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னாள். மெதுவாக, விட்டுவிட்டுச் சொன்னாள். அந்த அம்மா தடுக்கவில்லை. சிறுமி கேட்டு முடித்துவிட்டு, அப்போ அந்த அக்கா இப்ப போலாமா என்று கேட்டாள். போகலாம் என்றாள் யாழினி. சிறுமி அழுத்தினாள். மீரா பஸ் ஏறினாள், மின்தூக்கியில் போனாள், தாழ்வாரத்தில் நடந்தாள். வார்டின் கதவைத் தள்ளித் திறந்ததும் கதை முடிந்தது.

உள்ளே அம்மா என்ன பேசினார் என்பதை ஏன் எழுதவில்லை என்று ஆசிரியர்கூடக் கேட்டாராம். அம்மாவுக்குப் பதிலாக எழுத எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டதாக யாழினி பிறகு சொன்னாள்.

கூடம் மூடியதும் இருவரும் பேருந்தில் கிளம்பினோம். மேல்தளத்தில் முன்னிருக்கை காலியாக இருந்தது. மழை பெய்து விட்டிருந்தது. கிளமெண்டி தாண்டியதும் அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்மா என்னிக்குக் கேட்டாங்கப்பா?"

"புதன்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும்."

அவள் ஏதோ கணக்குப் போட்டாள். இரண்டு நிறுத்தம் போயிற்று.

"புதன்கிழமை எனக்கு கெமிஸ்ட்ரி. பத்தரைக்கே முடிஞ்சிருச்சு. அடுத்த பேப்பருக்கு ஃப்ரைடே வரைக்கும் டைம் இருந்துச்சு. நான் ஃப்ரெண்ட்ஸோட ஸ்கூல் பக்கத்துல இருக்கிற மாலுக்குப் போனேன்ப்பா. நாலு மணி வரைக்கும் அங்கதான் சும்மா உக்காந்திருந்தேன்."

அந்த மாலிலிருந்து மருத்துவமனைக்கு நடந்தே போகலாம்.

அவளுடைய தேர்வு அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நானே ஒட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு தேதியைப் பேனாவால் அடிப்பேன். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு என்று தேதிக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. நான் தேதியை மட்டும்தான் பார்த்தேன். மணியைப் பார்க்கவே இல்லை.

அதை அவளிடம் சொன்னேன். வேறு எதையும் சேர்க்காமல் அப்படியே சொன்னேன். யாழினி சரி என்பது போலத் தலையாட்டினாள். பிறகு கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.